அந்தோனியார் கூட்டில் வைத்த சிவப்புப் பூ

றிச்மண்ட் ஹில்
27 யூன் 2025

மாமிக்கு,

யூன் 15ஆம் திகதி அந்தோனியார் திருவிழாவில் சுருவத்தை வைத்துத் தூக்க நீங்கள் சோடித்த கூட்டில் இருந்த சிவப்புப் பூ, இந்த மாகாணத்தில் முப்பது வருடங்களுக்கு மேலாக யாரும் காணாத பூவாக இருக்கலாம். இதைச் சொன்னவர், அரிய தாவரங்களைப் பதிவு செய்யும் எங்கள் மாகாண அலுவலகத்தின் உலர்தாவரச் சேகரிப்புக்குப் பொறுப்பானவர். கடந்த புதன்கிழமை படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு எழுத்தில் தந்திருக்கிறார். "இருக்கலாம்" என்பது அவருடைய சொல். படத்தை மட்டும் வைத்து அதற்கு மேல் சொல்ல அவர் விரும்பவில்லை.

அஜின்கோர்ட்டில் மீன் வெட்டக் கொடுத்துவிட்டு நின்றபோது, கடை வாசலில் கிடந்த இலவசப் பத்திரிகையில் அந்தப் படத்தைக் கண்டேன். சுருவத்தின் காலடியில் கார்னேஷனும் செவ்வந்தியும் இருந்தன. அவற்றுக்கு மேலே ஒரு பிடி சிவப்பு. அது கடைப்பூ அல்ல. கீழே, கூடு சோடித்தவர்கள் என்று உங்கள் பெயரும் கிளடிஸ் அன்ரியின் பெயரும் போட்டிருந்தார்கள்.

இங்கே அதைப் பெயின்ற் பிரஷ் என்பார்கள், தூரிகையைச் சாயத்தில் தோய்த்ததுபோல இருப்பதால். அதில் பல வகைகள் உண்டு. பொதுவானவற்றைப் பலரும் கண்டிருப்பார்கள். இந்த வகை, பாம்பின் தோல்போலப் பச்சையும் கறுப்புமாக இருக்கும் ஒரு கல்லின் மேல் மட்டுமே வளர்கிறது. அந்தக் கல்லில் நிக்கல் அதிகம், சுண்ணாம்பு குறைவு. பெரும்பாலான செடிகள் அதில் தாக்குப்பிடிப்பதில்லை. மாகாணத்தில் கடைசியாக 1991இல் பதிவு செய்த இடத்தின் மேல் இப்போது பெருந்தெரு ஓடுகிறது.

நான் கேட்பது ஒன்றுதான். எந்த இடத்தில் பறித்தீர்கள்? பறித்ததற்காக உங்கள் மேல் யாரும் குற்றம் சொல்லப்போவதில்லை.

உங்கள் எண்ணுக்கு அழைத்துப் பார்த்தேன். என் எண்ணைத் தடுத்து வைத்திருப்பதுபோலத் தெரிகிறது. அதனால்தான் கடிதம். ஜூலியனுக்கும் எனக்கும் விவாகரத்தாகி மூன்று வருடமாகிறது. அதைப் பற்றி எழுத எனக்கு எதுவும் இல்லை.

சாம்பவி

*

அஜின்கோர்ட்
5 யூலை 2025

சாம்பவிக்கு,

உம்முடைய கடிதம் கிடைத்தது. இவர் இரண்டு தரம் வாசித்துவிட்டு, "எழுத்து இன்னும் வடிவு" என்றார்.

பூ கடையில் வாங்கினது. எந்தக் கடை என்று நினைவில்லை. கூட்டுக்கு வருடாவருடம் நாலைந்து கடையில் வாங்குகிறோம், எது எங்கே வாங்கினது என்று யார் எழுதிவைப்பது? கிளடிஸிடமும் கேட்டேன். அவவுக்கும் நினைவில்லையாம்.

உம்முடைய எண்ணைத் தடுத்தது நான் இல்லை. ஜூலியன் என்னுடைய போனைச் சரிசெய்து தந்தபோது செய்திருப்பான். எப்படி எடுப்பது என்று எனக்குத் தெரியாது, எடுக்கச் சொல்லி அவனிடம் கேட்கவும் விருப்பமில்லை.

ஒன்று சொல்லவேணும். பனிக்காலத்தில் எனக்குக் கண் ஒப்பரேஷன் நடந்தது. கோயில் ஆட்கள் முழுப்பேரும் வந்தார்கள். எங்கள் வீட்டில் ஒன்பது வருடம் மருமகளாக இருந்த நீர் ஒரு வரி எழுதவில்லை. இப்போது ஒரு பிடி பூவுக்கு இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர். கிளடிஸ் சிரிக்கிறாள்: "காணாமல் போனதைக் கண்டுபிடிச்சுக் குடுக்கிறது அந்தோனியாற்றை வேலை. சைவக்காரப் பிள்ளைக்கும் செய்து குடுத்திட்டார் பார்."

வேரோனிக்கா

*

றிச்மண்ட் ஹில்
10 யூலை 2025

மாமிக்கு,

உங்கள் கண் ஒப்பரேஷன் பற்றி உங்கள் கடிதத்தில்தான் அறிந்தேன். எனக்குச் சொல்ல அந்த வீட்டில் யாரும் இருக்கவில்லை. இப்போது பார்வை தெளிவாக இருக்கும் என்று நம்புகிறேன்.

இந்தப் பூவைக் கடையில் வாங்கியிருக்க முடியாது. காரணத்தை எழுதுகிறேன், வாசித்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

இதைத் தோட்டத்தில் வளர்த்து விற்பது மிகக் கடினம். பச்சை இலை உண்டு, வெயிலில் தனக்கு வேண்டிய உணவில் பெரும்பகுதியைத் தானே செய்துகொள்ளும். ஆனால் தண்ணீருக்கும் உப்புக்கும் பக்கத்தில் நிற்கும் புல்லின் வேருக்குள் தன் வேரைச் செலுத்தும். ஊரில் மாமரக் கிளையில் குருவிச்சை செய்வதை இது மண்ணுக்கு அடியில் செய்கிறது. குருவிச்சை என்ற சொல்லை நீங்கள் ஒருமுறை என்னைப் பற்றிச் சொன்னதாக அறிந்தேன். இங்கே தாவரத்தை மட்டுமே குறிக்கிறேன்.

பக்கத்துப் புல்லைப் பிரித்துவிட்டால் பெரும்பாலும் செடி செத்துவிடும். நல்ல பசளை போட்டால் இன்னும் விரைவாகப் போகும். பசளையில் புல்லும் களையும் எழும்பி இதை மூடிவிடும், பசளையே இதற்கு ஒத்துவராமலும் போகலாம். ஆகையால் யாராவது வேரோடு கிண்டிக்கொண்டு வந்து வீட்டுத் தோட்டத்தில் வைத்திருந்தால், அந்தச் செடி இப்போது இருக்காது. அது வைத்தவரின் கைப்பிழை அல்ல.

நீங்கள் சிவப்புப் பூ என்று நினைப்பதும் உண்மையில் பூ அல்ல, சிவந்த இலை. பூ அதற்குள்ளே பச்சையாக, சின்னதாக ஒளிந்திருக்கும்.

இடத்தை மட்டும் சொல்லுங்கள்.

சாம்பவி

*

அஜின்கோர்ட்
24 யூலை 2025

சாம்பவிக்கு,

நாலு செடி கொண்டுவந்தேன். நாலும் செத்துவிட்டன. நீர் எப்படி அறிந்தீர் என்று இவரிடம் கேட்டேன். "படிச்ச பிள்ளை, பின்னை என்ன?" என்றார்.

தக்காளிக்குப் பக்கத்தில் வைத்தேன். வேரில் ஏதோ புல்லு சிக்கிக்கொண்டிருந்தது. பைப்பைத் திறந்து நல்லாக் கழுவி, புல்லை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்துவிட்டுத்தான் நட்டேன். கறுப்பு மண், ஆட்டெரு, மீன் கழுவின தண்ணீர் எல்லாம் விட்டேன். எங்கள் தெருவில் என்னளவு கத்தரிக்காய் காய்க்கிற வீடு இல்லை, உமக்குத் தெரியும். இது மட்டும் சரிவரவில்லை. கொன்றது நான் என்றால் சொல்லும், ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் ஒரு கேள்வி: அது பக்கத்துப் புல்லையும் கொல்லுமா?

குருவிச்சை என்று சொன்னது நான்தான். சொந்தக்காரப் பெடியன் றூபனின் கல்யாண வீட்டில் சொன்னது. மகன் இரண்டு வேலை செய்ய மருமகள் வருடக்கணக்காய்ப் படித்துக்கொண்டிருந்தால் தாய்க்கு வாய் வரும். உமக்குக் கொண்டுவந்து சொன்னது கிளடிஸ் என்பதும் எனக்குத் தெரியும். கேட்டால் இல்லை என்று அந்தோனியாரில் சத்தியம் பண்ணுவாள்.

பூ பறித்தது உண்மை. திருவிழாவுக்கு முதல் நாள் சனிக்கிழமை, ஒருவருடைய காணியைப் பார்க்கப் போயிருந்தோம். சாப்பிட றோல்ஸ் கொண்டுபோன ஐஸ் பெட்டியைக் காலியாக்கி அதற்குள் வைத்துக் கொண்டுவந்தோம். அப்படியும் சுற்றுப்பிரகாரம் முடியமுன் தலை சாய்ந்துவிட்டது. நாங்கள் கள்ளமாகப் போகவில்லை. அந்தக் காணிக்கு வேலி கிடையாது, வாசலில் உடைந்த நீலப் படகு ஒன்று கவிழ்ந்து கிடக்கிறது, அதுதான் அடையாளம். காணிக்காரரே கூட்டிக்கொண்டு போனார்.

அவர் யார் என்று நான் சொல்லமாட்டேன். ஒரு கல் கம்பனி அந்தக் காணியைக் கேட்கிறது. உடைத்துக் கல்லாக விற்கப் போகிறார்களாம். விலை பேசி முடிந்து கையொப்பம் மட்டும்தான் மிச்சம். பூ இருக்கிறது என்று ஒரு கதை கிளம்பினால் அந்த அலுவல் நின்றுவிடும் என்று எனக்கும் விளங்குகிறது. அவருடைய சோற்றில் மண் போட என்னால் முடியாது.

இனி இதைப் பற்றி எழுதவேண்டாம்.

வேரோனிக்கா

*

றிச்மண்ட் ஹில்
2 ஓகஸ்ட் 2025

மாமிக்கு,

எழுதவேண்டாம் என்றீர்கள். ஆனால் நான் அறிந்ததை மறைத்துக்கொண்டு இருப்பது சரியல்ல என்பதால் எழுதுகிறேன்.

அந்த நீலப் படகை எனக்குத் தெரியும். பெல்வில்லுக்கு வடக்கே, பெருந்தெருவை விட்டு இறங்கிச் சரளைப் பாதையில் போகவேண்டும். நாங்கள் பிரியும் முன், ஒரு நவம்பரில் ஜூலியனும் நானும் அந்தக் காணியைப் பார்க்கப் போனோம். கொட்டேஜ் கட்டலாம் என்றார். கிணறு தோண்ட முடியாத கல் என்று நான் சொன்னேன், காரில் வரும்போது சண்டை வந்தது. பிறகு அவர் தனியாக வாங்கியதாகக் கேள்விப்பட்டேன். நான் நடந்து திரிந்த கல் அது. நவம்பரில் எதுவும் பூத்திருக்கவில்லை. இந்தப் பூ வளரும் கல் அது என்று அப்போது எனக்குப் பிடிபடவில்லை.

காணி யாருடையது என்று அறிந்த அன்றே என் மேலாளரிடம் போய், அது என் முன்னாள் கணவருடையது என்று சொன்னேன். அவர் இந்தப் பதிவிலிருந்து என்னை விலக்கிவிட்டார். அது சரியான முடிவு. நான் அறிக்கை எழுதினால் பழிவாங்குகிறேன் என்பார்கள், அப்படிச் சொல்வதற்கு இடமும் உண்டு. இனி இதைப் பார்ப்பவர் நடாஷா என்ற சக ஊழியர். இங்கே பிறந்த பிள்ளை, தமிழ் விளங்கும்.

இன்றைய நிலை இதுதான். பத்திரிகைப் படம் இடத்தைக் காட்டாது. காணிக்காரரின் அனுமதி இல்லாமல் நாங்கள் உள்ளே போகமுடியாது, போகவும் மாட்டோம். அந்தச் செடி அந்தக் கல்லில் நின்றதைக் கண்ணால் கண்டவர்கள் மூன்று பேர்: ஜூலியன், கிளடிஸ் அன்ரி, நீங்கள். மூவரில் ஒருவர் தன் பெயரில் எழுதிக் கையொப்பமிட்டால் பதிவு தொடங்கும். இல்லாவிட்டால் தொடங்காது.

எழுதுங்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்கும் தகுதி எனக்கு இல்லை. எழுதினால் உங்கள் மகனின் விற்பனை தாமதமாகும், நின்றும் போகலாம். அதையும் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

உங்கள் கேள்விக்குப் பதில்: பொதுவாகக் கொல்லாது. புல் கொஞ்சம் மெலியும். புல் செத்தால் இதுவும் சேர்ந்து போய்விடும்.

சாம்பவி

*

அஜின்கோர்ட்
1 செப்ரெம்பர் 2025

சாம்பவிக்கு,

உம்முடைய கடிதம் வந்து அடுத்த ஞாயிற்றுக்கிழமையே ஜூலியனிடம் கேட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"அம்மா, ஒரு பூவுக்கோ? காட்டுப் பூவுக்கோ?"

"கவுண்மென்ரிலை அதுக்கு மதிப்பிருக்காம்."

"ஆர் சொன்னது?" சோற்றிலிருந்து கையை எடுத்தான். "அவள் எழுதினவளோ?"

"ஓம்."

"அதுதானே பார்த்தன். அண்டைக்கு வீடு கட்ட ஏலாத கல்லெண்டாள். இண்டைக்கு விக்கவும் ஏலாத கல்லாம். அந்தக் கல்லிலை நான் என்னதான் செய்யிறது, அவளையே சொல்லச் சொல்லுங்கோ."

இவர் கோப்பையைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போய்விட்டார். ஜூலியன் மிச்சச் சோற்றை வைத்துவிட்டு எழும்பினான். ஆட்டிறைச்சிக் கறியை மிச்சம் வைத்துப் போனது அதுதான் முதல் தடவை.

அவன் சொல்வதில் பிழை இல்லை. அந்தக் காணியை வாங்கி ஒன்றும் சரிவராமல் இருக்கிறான். உமக்கும் அவனுக்கும் வந்த கஷ்டத்துக்குப் பிறகு அவனுக்கு ஒரு அலுவல் ஒப்பேறினது இதுதான். அதையும் தாய் குழப்பினால் எப்படி இருக்கும்?

அதற்குப் பிறகு நடாஷா போன் எடுத்தது. "அன்ரி, sorry, உங்களுக்கு ப்றெஷர் குடுக்க இல்லை, just, போனால் போட்டோ எடுங்கோ, please ஒண்டும் பிடுங்க வேண்டாம்" என்றது. நல்ல பிள்ளை. போகிறேன் என்று நான் சொல்லவில்லை.

போனேன். கிளடிஸ் விட்பியில் இருந்து காரைக் கொண்டுவந்து ஏற்றினாள். வழி முழுக்க, "உன்ரை மகன்ரை காணிக்குள்ளை களவெடுக்கப் போறம், எனக்கு இந்த வயசிலை உது தேவையோ?" என்று சொல்லிக்கொண்டே ஓட்டினாள். உண்மையைச் சொன்னால், அங்கே ஒன்றும் இருக்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். ஒன்றும் இல்லாவிட்டால் எல்லோருக்கும் சுகம். உமக்கு இல்லை என்று எழுதிவிட்டு இருந்துவிடலாம்.

மேட்டின் தலைப் பக்கத்தை மெஷின் வந்து சுரண்டியிருந்தது. கல்லைச் சோதிக்கக் கம்பனி செய்ததாம். நாங்கள் பூப் பறித்த இடம் முழுக்கப் போய்விட்டது. பச்சைக் கல் வெட்டின மீன்போல ஈரமாய்க் கிடந்தது. கிளடிஸ், "முடிஞ்சுது, வா போவம்" என்று காருக்குத் திரும்பிவிட்டாள்.

நான் கீழ்ச் சரிவால் இறங்கினேன். அங்கே இருந்தது. சிவப்பு இல்லை, காய்ந்த தண்டும் சின்னக் காயும்தான். ஆனால் அதே இலை, பக்கத்தில் அதே புல்லு. நான் கழுவிப் பிரித்தெடுத்த புல்லை எனக்குத் தெரியாதா?

குடையைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்தேன். ஒன்றும் பிடுங்கவில்லை.

கடிதத்தை எழுதி என் பெயரில் கையொப்பம் வைத்துவிட்டேன். நடாஷாவுக்கு அனுப்பமுதல் ஜூலியனுக்குச் சொன்னேன். முதுகுக்குப் பின்னால் செய்யவில்லை என்பதை அவன் அறியவேணும்.

"என்னைக் கேக்காமல் என்ரை காணிக்குள்ளை போனனீங்கள்."

"உன்ரை வீட்டுத் திறப்பும் என்னட்டைத்தான் இருக்கு. அதுக்கும் கேட்டிட்டோ வந்து சமைச்சு வைக்கிறனான்?"

அவன் சிரிக்கவில்லை. திறப்பைத் தாங்கோ என்றான். கொடுத்துவிட்டேன்.

ஏன் எழுதினேன் என்று கிளடிஸ் கேட்கிறாள். அந்தோனியாருக்கு என்று கை நீட்டிப் பறித்தது நான். அது நின்றதை நான் கண்டேன். காணவில்லை என்று எப்படிச் சொல்வது? இதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியாது.

உமக்காகச் செய்யவில்லை. அதையும் தெரிந்துகொள்ளும்.

வேரோனிக்கா

*

றிச்மண்ட் ஹில்
15 ஒக்ரோபர் 2025

மாமிக்கு,

தபால் வேலைநிறுத்தம் என்பதால் இதைக் கிளடிஸ் அன்ரியிடம் கொடுத்துவிடுகிறேன். அவ வாசித்துவிட்டுத் தந்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை.

பதிவிலிருந்து நான் விலகியிருப்பதால், உங்களுக்குச் சொல்லலாம் என்று நடாஷா அனுமதித்ததை மட்டும் எழுதுகிறேன். உங்கள் கடிதமும் படங்களும் கிடைத்தன. அவற்றைத் தற்காலிகப் பதிவாக ஏற்றிருக்கிறார்கள். குடையின் நீளத்தை வைத்துத் தண்டின் உயரத்தைக் கணக்கிட்டார்கள், பொருந்துகிறது. இலையும் பொருந்துகிறது. ஆனால் காய்ந்த காயை வைத்து இது அந்த வகைதான் என்று யாரும் கையொப்பமிடமாட்டார்கள். அதற்குப் பூ வேண்டும்.

காணிக்காரருக்கு அறிவித்தல் அனுப்பியிருக்கிறார்கள். பூக்கும் காலத்தில் ஒரு ஆய்வுக்கு அனுமதி கேட்டிருக்கிறார்கள். அவர் மறுக்கலாம். தன் சார்பில் ஒரு நிபுணரை வைத்துக்கொள்ளவும் அவருக்கு உரிமை உண்டு. இன்றுவரை பதில் வரவில்லை. கம்பனியோடு கையொப்பமாகிவிட்டதா என்பதும் எனக்குத் தெரியாது.

சுரண்டிய இடத்தில் மறுபடி முளைக்குமா என்று கிளடிஸ் அன்ரி தொலைபேசியில் கேட்டார். விதை கிடந்தால், பக்கத்தில் புல் வந்தால், முளைக்கலாம். எத்தனை வருடம் ஆகும் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை.

திறப்பைக் கொடுத்ததையும் அவ சொன்னார். நீங்கள் உங்கள் கடிதத்தில் அதை ஒரு வரியில் எழுதியிருந்தீர்கள். அது ஒரு வரி விஷயம் அல்ல என்று எனக்குத் தெரியும். ஜூலியன் கோபத்தை நீண்டநாள் வைத்திருப்பவர். ஆனால் ஒரு அலுவலைப் பாதியில் விடுபவர் அல்ல. இதை நான் பாராட்டாகச் சொல்கிறேனா என்று எனக்கே நிச்சயமில்லை.

சாம்பவி

*

அஜின்கோர்ட்
11 ஜனவரி 2026

சாம்பவிக்கு,

ஜூலியன் நத்தாருக்கு வரவில்லை. நடுச்சாமப் பூசையிலும் காணவில்லை. இவர் கோயில் வாசலில் கடைசிக் கார் போகும்வரை நின்றார், குளிருக்கு நிற்கிறேன் என்று சொன்னார். குளிருக்கு யாரும் வெளியில் நிற்பதுண்டா?

வருடப்பிறப்புக்கு வந்தான். கேக் கொண்டுவந்தான். கம்பளிச் சட்டையைக் கழற்றாமல் இருந்தான்.

"உந்தப் பூ எந்த மாசம் பூக்கும்?" என்று கேட்டான்.

"மே கடைசியிலை தொடங்கும் எண்டு நடாஷா சொன்னது. யூனிலை நாங்கள் நேரே பார்த்தனாங்கள்தானே, நீயும் நிண்டனி."

"நான் கோழி வாட்டிக்கொண்டு நிண்டனான். பூவையோ பார்க்கிறது?"

கம்பனி யூன் வரையும் பொறுக்குமாம். அவனுக்காகப் பொறுக்கவில்லை. அறிவித்தல் அவர்கள் கைக்கும் போயிருக்கிறது, முடிவு தெரியாமல் கையொப்பம் வைக்கமாட்டோம் என்று விட்டார்களாம். அதனால் அவனும் ஆய்வுக்கு அனுமதி கொடுத்துவிட்டான். ஆனால் தன் பக்கத்துக்கு ஒரு ஆளைப் பிடித்திருக்கிறான், குவெல்ஃப் பக்கத்தில் இருந்து வருகிற ஒரு தாவர நிபுணர். அது நீங்கள் தேடுகிற பூ இல்லை, ஊரெல்லாம் நிற்கிற சாதாரண வகை என்று அந்த ஆள் எழுதிக் கொடுப்பார் என்று நம்பிக்கொண்டிருக்கிறான். அவன் நினைப்பது சரியாகவும் இருக்கலாம், இல்லையா? நீரும் முதற் கடிதத்தில் "இருக்கலாம்" என்றுதான் எழுதியிருந்தீர்.

அது சாதாரணப் பூ என்று முடிந்தால் நான் சந்தோஷப்படுவேனா என்று இவர் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அரிய பூ என்று முடிந்தாலும் தெரியாது. உமக்குப் பொய் சொல்லப் பஞ்சியாகவும் அலுப்பாகவும் இருக்கிறது.

இதில் ஒரு சிக்கல் வந்திருக்கிறது. சரிவில் அது நிற்கிற இடம் என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. கிளடிஸ் காரில் இருந்துவிட்டாள், ஜூலியன் கீழே இறங்கிப் பார்க்கவில்லை. படத்தில் குடையும் கல்லும்தான் தெரிகிறது, அந்த மேட்டில் எல்லாக் கல்லும் ஒரே கல்லு. நடாஷாவுக்கு இடம் காட்ட நான் வேணும். அவனுடைய நிபுணருக்கும் இடம் காட்ட நான் வேணும். இரண்டு பகுதியும் ஒரே நாளில் வருவதாக முடிவாகியிருக்கிறது. மே 28, வியாழக்கிழமை.

நடாஷா போன் எடுத்து, தாங்கள் வந்து என்னை ஏற்றிக்கொண்டு போகிறோம் என்றது. அடுத்த நாள் ஜூலியன் எடுத்தான். "அம்மா, உவையளோடை தொங்கிக்கொண்டு போகவேண்டாம். நான் வந்து ஏத்திறன்" என்றான். இரண்டரை மணித்தியாலம் அவனோடு தனியே காரில் இருந்து எனக்கு ஒரு வருடமாகிறது. அவனுடைய காரில் போய் இறங்கினால் அவனுடைய சாட்சி என்பார்கள். நடாஷாவோடு போய் இறங்கினால் நான் உம்முடைய ஆள் என்று அவன் நினைப்பான்.

இடத்தைக் காட்டுவேன். அதில் மாற்றம் இல்லை. எந்தக் காரில் வருவது என்று இன்னும் முடிவெடுக்கவில்லை. மே 20க்கு முதல் இரண்டு பேருக்கும் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன்.

வேரோனிக்கா